ஃபுஜி மழையில் காரை நிறுத்தியவர் கோழையா? ‘ரஷ்’ படம் பற்றி ஒரு விவாதம்

கியர்மாற்றி:
ரான் ஹோவர்டின் ‘ரஷ்’ (2013) படத்தை மறுபடி பார்த்தேன். 1976 ஃபார்முலா ஒன் கார்ப் பந்தய சீசனில் ஜேம்ஸ் ஹன்ட், நிக்கி லாடா என்ற இரண்டு வீரர்கள் மோதிக்கொண்ட கதை. படமாக்கிய விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆண்மை என்பதையே கேள்வி கேட்கும் படம் என்று பலர் இதைத் தலையில் தூக்கிவைத்து ஆடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சாவின் வாசல்வரை போய்வந்தவன்தான் ஆம்பளை என்ற பழைய பாட்டைத்தான் இதுவும் பாடுகிறது.

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் பந்தயத்துக்கு முன் ஓட்டுநர்கள் கூடிப் பேசும் காட்சியைப் பாருங்கள். தடம் ஈரம், ஒரு சுற்றே ஏறக்குறைய 23 கிலோமீட்டர். ரத்து செய்யலாம் என்கிறார் லாடா. புள்ளிப் பட்டியலில் முன்னால் இருப்பவருக்கு ஒரு பந்தயம் குறைந்தால் லாபம்தானே என்று ஹன்ட் மடக்குகிறார். வாக்கெடுப்பில் லாடா தோற்கிறார், அன்றே பந்தயத்தில் விபத்தாகித் தீயில் மாட்டுகிறார். அப்புறம் லாடா திரும்பி வரும் இத்தாலியின் மோன்ஸா பந்தயத்தில் ஹன்ட் குற்றவுணர்வோடு வந்து நின்றால், நீ ஜெயிப்பதைப் பார்த்த வெறிதான் என்னைப் பிழைக்க வைத்தது என்று லாடாவே அவரை விடுவித்துவிடுகிறார். வெந்துபோன முகத்தின் கணக்கு அத்தோடு தீர்ந்ததா?

போதாததற்கு நிருபரை அடிக்கும் காட்சி. இந்த முகத்தோடு உங்கள் மனைவி கூட இருப்பாரா என்று லாடாவிடம் கேட்ட நிருபரை ஹன்ட் தனியே இழுத்துப் போய் ரத்தம் வர அடிக்கிறார். நிஜத்தில் நடக்காத சம்பவம் இது, படத்துக்காகச் சேர்த்தது. ஒரு ஆண் இன்னொரு ஆணின் மீதான அன்பைக் கைமுஷ்டியால்தான் சொல்ல முடியும் என்று முடிவு கட்டிய பிறகு இதில் என்ன புதுசு?

மழைத்தடம்:
நண்பரே, படத்தின் உச்சத்தை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். ஜப்பானின் ஃபுஜி பந்தயம் எங்கே?

கடைசிப் பந்தயம், கொட்டுகிற மழை. லாடா மூன்று புள்ளி முன்னால் இருக்கிறார். இரண்டு சுற்று ஓட்டிவிட்டு காரைக் கொண்டுவந்து நிறுத்தி இறங்கிவிடுகிறார். ஹன்ட் மூன்றாவதாக முடித்து 69-க்கு 68 என்று ஒரே புள்ளியில் சாம்பியன் ஆகிறார். ஒரு விளையாட்டுப் படத்தில், தானே விலகிய வீரனை இவ்வளவு நிமிர்ந்து நிற்க வைத்திருக்கிறார்களா? முதுகுக்குப் பின்னால் யாரும் சிரிப்பதில்லை, அவரும் தலையைக் குனிவதில்லை.

நிஜம் இன்னும் அழுத்தமானது. இன்ஜின் கோளாறு என்று சொல்லிவிடலாமா என்று லாடாவின் அணியான ஃபெராரியின் தலைமைப் பொறியாளர் மௌரோ ஃபோர்கியேரி கேட்டார். வேண்டாம், உண்மையையே சொல்லுங்கள் என்று லாடா மறுத்துவிட்டார். உலகமே பார்க்கும்போது எனக்கு இது ஆபத்தாகப் படுகிறது, நான் ஓட்டவில்லை என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அந்த மனிதரை நடுவில் வைத்த படத்தைப் போய்ப் பழைய பாட்டு என்கிறீர்களே.

கியர்மாற்றி:
நீங்கள் சொன்ன ஃபோர்கியேரி சம்பவத்தையே எடுத்துக்கொள்கிறேன். நிஜ லாடா சாக்கு வேண்டாம் என்றார். படம் என்ன செய்தது? அவர் இறங்குவதற்கு முன் மனைவி மார்லீனின் முகத்தைக் காட்டுகிறது. காருக்குள்ளிருந்து பார்த்தால் வழிகிற மழைத் தண்ணீர், பிறகு அவள் சிரிப்பு, உடனே முடிவு. அதாவது காதலுக்காக விட்டுக்கொடுத்தவர் ஆகிறார். தீக்காயத்தில் இமைகள் சேதமாகி, கண்ணைச் சரியாகச் சிமிட்டக்கூட முடியாமல் ஓட்டியவர் அவர். எதிரே எதுவும் தெரியாத மழையில் ஓட்ட மாட்டேன் என்பது அந்தத் தொழில் தெரிந்தவரின் தீர்ப்பு. சக ஓட்டுநர்களான ஃபிட்டிபால்டியும் கார்லோஸ் பாசேயும் அதே மழையில் தாங்களாகவே விலகினார்கள். அந்தத் தீர்ப்பு தனியாக நின்றால் பார்வையாளருக்குக் கோழைத்தனமாகத் தெரியுமோ என்று படமே பயந்து, லாடா மறுத்த சாக்கை வேறு வடிவத்தில் அவர் கையில் திணித்துவிட்டது.

ஆதிரை:
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நீங்கள் இருவரும் ஃபுஜியிலேயே நிற்கிறீர்கள். எனக்கு உறுத்துவது தொடக்கம். ஃபார்முலா ஒன்னுக்குக் கீழ்நிலைப் பந்தயமான ஃபார்முலா 3 நாட்களிலிருந்தே ஒருவரை ஒருவர் வெறுத்தார்கள் என்று படம் காட்டுகிறது. நிஜத்தில் இருவரும் நண்பர்கள், இளம் வயதில் லண்டனில் ஒரே வீட்டில் தங்கியவர்கள். நட்பும் போட்டியும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதைத் திரைக்கதை நம்பவில்லை. முதலில் பகை, பிறகு ஒரு பெரிய அடி, கடைசியில் மரியாதை. ஆண்களின் நெருக்கத்துக்கு சினிமா போட்டுவைத்த ஒரே வழி இதுதான்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்தில் ஹன்ட்டின் மனைவி சூஸி இருப்பது விட்டுப்போவதற்கு, மார்லீன் இருப்பது மருத்துவமனையில் கலங்கி நிற்பதற்கு. 1975 ஸ்பெயின் பந்தயத்தில் ஆறாவதாக வந்து அரைப் புள்ளி எடுத்த பெண் ஓட்டுநர் லெல்லா லொம்பார்டி 1976-லும் களத்தில் இருந்தவர். அந்த வருடம் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹேட்ச் தடத்தில் அவரும் இன்னொரு பெண் ஓட்டுநர் டிவினா கலிகாவும் தகுதிச் சுற்றுவரை வந்தார்கள். அந்த ஹெல்மெட்டுகளில் ஒன்றை இந்தக் கதையின் ஓரத்தில் நிறுத்தியிருந்தால்கூட, ஓட்டுவது என்பதும் ஆண் என்பதும் ஒன்றல்ல என்று தெரிந்திருக்கும்.

மழைத்தடம்:
ஆதிரை, லொம்பார்டி விஷயத்தில் மறுக்க எதுவுமில்லை. ஆனால் மார்லீன் வெறுமனே கலங்கி நிற்பவர் இல்லை, கியர்மாற்றிக்கும் இதுதான் பதில். திருமணமான புதிதில் லாடா அவரிடம், சந்தோஷம் என் எதிரி, இழக்க ஏதோ ஒன்று இருக்கிறது என்ற எண்ணம் வந்துவிட்டால் ஓட்டுபவன் பலவீனமாகிவிடுவான் என்கிற மாதிரி பேசுவார். அப்படிச் சொன்னவர் ஃபுஜியில் இழக்க விரும்பாததை நினைத்துக்கொண்டே இறங்குகிறார். இழப்பதற்கு ஒன்றுமில்லாதவன்தான் வீரன் என்ற தன் கொள்கையையே அங்கே கைவிடுகிறார். அதைச் சாக்கு என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஹன்ட்டையும் கவனியுங்கள். பந்தயத்துக்கு முன் வாந்தி எடுக்கிறார், கை நடுங்குகிறது. தடத்துக்கு வெளியே அத்தனை பெண்கள், அத்தனை மது, ஆனால் காரில் ஏறும் முன் குடலே புரள்கிறது. அந்தப் பயத்தை அவர் யாரிடமும் பேசுவதில்லை. தொடை தட்டும் ஆணின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று படம் காட்டுகிறதே!

கியர்மாற்றி:
காட்டுகிறது, ஆனால் தொடர்வதில்லை. பயத்தைப் பற்றிய மிகப் பெரிய விஷயத்தை லாடாவே எழுதியிருக்கிறார். விபத்துக்கு ஆறு வாரம் கழித்து மோன்ஸாவில் ஓட்டி நான்காவதாக வந்தாரே, பயத்தை வென்றுவிட்டேன் என்று அப்போது சொன்னது பொய், உண்மையில் பயத்தில் விறைத்துப்போயிருந்தேன், போட்டியாளர்களுக்கு அது தெரியக்கூடாது என்று மறைத்தேன் என்று பின்னாளில் தன் சுயசரிதையில் ஒத்துக்கொண்டார். போட்டி என்பது ஆணிடமிருந்து எதைப் பிடுங்குகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? படத்தின் மோன்ஸாவில் கூட்டம் ஆர்ப்பரிக்க, இசை மேலே ஏறுகிறது. அந்தப் பொய்யை நமக்கும் சேர்த்து விற்றுவிட்டார்கள்.

நிருபர் காட்சிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

மழைத்தடம்:
அந்தக் காட்சிக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். நண்பனிடம் சொல்லத் தெரியாததை ஹன்ட் அங்கே கையால் சொல்கிறார் என்பது உண்மை. ஆனால் லாடாவுக்கு அது தெரியவே தெரியாது. அந்த நேரத்தில் அவர் வெந்த தலைக்கு மேல் ஹெல்மெட்டை எப்படி மாட்டுவது என்ற கவலையில் இருக்கிறார். அந்த அடி அவருக்கு எந்த வகையிலும் உதவவில்லை. படம் அதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

ஆதிரை:
தெரிந்து வைத்திருந்தால், அடித்துவிட்டு அவர் நடந்து வரும்போது நம்மைக் கைதட்ட வைத்திருக்கக் கூடாது.