தனி செல்லோவுக்கு ஸ்பீக்கர் எதற்கு?

கம்பிநாதம்:
தற்கால இசைக்கான தனி செல்லோ (வில்லால் வாசிக்கும், வயலினைவிடப் பெரிய கம்பிக் கருவி) நிகழ்ச்சிகளில் மேடையில் ஒருவர்தான் இருக்கிறார். ஆனால் அரங்கின் நடுவில், மிக்சருக்கும் கணினிக்கும் முன்னால் இன்னொருவர். எனக்கு இது ஒப்பவில்லை. இசையமைப்பாளர் கையா சாரியாஹோவின் ‘பெடல்ஸ்’ (Petals, அதாவது இதழ்கள், 1988) படைப்பை எடுத்துக்கொள்வோம். எலக்ட்ரானிக்ஸ், அதாவது ஒலியை மாற்றும் மின்னணுக் கருவிகள், இல்லாமலும் வாசிக்கலாம் என்று அவரே அனுமதித்திருக்கிறார். வில்லை பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டு) பக்கம் நகர்த்தி அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட, சுரம் கரகரத்து இரைச்சலாகிறது. அந்த மாற்றம் முழுக்க வாசிப்பவரின் வலது கையில் நடக்கிறது. அதன்மேல் செயற்கை எதிரொலியைப் பூசினால் கை செய்த வேலை மறைந்துபோகிறது.

அலைவரிசை:
மறையவில்லை, அப்போதுதான் வெளியே வருகிறது. அந்தப் படைப்பில் பல ஒலிகள் மிக மெல்லியவை. பெரிய அரங்கில் மைக் இல்லாவிட்டால் பின்வரிசைக்கு எட்டாது. எதிரொலியோ ஹார்மனைசரோ (சுரத்தின் உயரத்தை மாற்றிக் கூடவே ஒலிக்கவிடும் கருவி) தானாக எதையும் உண்டாக்குவதில்லை, செல்லோ கொடுப்பதைத்தான் வாங்கிக்கொள்கின்றன. வில் நின்றால் சற்று நேரத்தில் அவையும் அடங்கிவிடும். ‘பெடல்ஸ்’ஸை முதலில் வாசித்த ஆன்சி கார்த்துனென், சாரியாஹோவுடன் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்தவர். 1992இல் வந்த ‘ப்ரே’யும் அவருக்காக எழுதியதுதான். அதில் எலக்ட்ரானிக்ஸ் இசையின் ஒரு பகுதியாகவே இருக்கிறது.

கம்பிநாதம்:
சரி, நேரடியாக ஒலியை மாற்றும் படைப்புகளுக்கு அது பொருந்தும். இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கின் ‘செல்லோ கவுண்டர்பாயிண்ட்’ (2003)? எட்டு செல்லோ பகுதிகளில் ஏழு முன்பே பதிவானவை. ஒலிப்பதிவு யாருக்காகவும் காத்திருக்காது. அரங்கில் எதிரொலி அதிகமாக இருந்தால் வாசிப்பவர் வேகத்தைக் கொஞ்சம் தளர்த்த நினைப்பார். இங்கே அதற்கு வழியே இல்லை.

வில்லாளி:
நான் செல்லோ வாசிப்பவன். அந்தப் படைப்பு செல்லோ கலைஞர் மாயா பெய்சருக்காக எழுதப்பட்டது. ஏழு பகுதிகளையும் வாசிப்பவரே பதிவு செய்துகொள்ளலாம், எட்டுப் பேர் சேர்ந்து நேரடியாகவும் வாசிக்கலாம். ஆனால் ஒரே கை, ஒரே கருவி என்பதால் வரும் ஒலி ஒற்றுமை எட்டுப் பேரிடம் கிடைக்காது. தாளம் இறுக்கமாகப் பூட்டிக்கொள்ளும் இசை அது, தளர்த்தினால் அதன் உயிரே போய்விடும்.

அப்புறம், வாசிப்பவரின் உடல் மறைகிறது என்ற உங்கள் கவலைக்கு நேர்மாறாக ஒன்று உண்டு: இசையமைப்பாளர் பிரையன் ஃபெர்னிஹோ 1970களில் எழுதிய ‘டைம் அண்ட் மோஷன் ஸ்டடி 2’. கைகள் செல்லோவில், கால்கள் இரண்டு மிதிகளில், தொண்டைக்கும் மைக். குரலும் கொடுக்க வேண்டும். வாசித்ததை உதவியாளர்கள் பதிவு செய்து, சில நொடிகள் கழித்து அவர்மேலேயே திருப்பி விடுகிறார்கள். சற்றுமுன் தான் வாசித்ததோடு மோதிக்கொண்டே அவர் முன்னேற வேண்டும். அந்தப் போராட்டம் எலக்ட்ரானிக்ஸ் இல்லாமல் பிறக்காது.

ஒலிமேசை:
அந்தக் கணினிக்கு முன்னால் உட்காரும் ஆள் நான். பல நேரம் பிரச்சினை ஸ்பீக்கர் வைக்கும் இடத்தில்தான். மேடையின் இரு ஓரங்களில் உயரத்தில் மட்டும் வைத்தால், செல்லோ ஓரிடத்தில் இருக்க ஒலி வேறெங்கிருந்தோ வருகிறது. வாசிப்பவருக்குப் பக்கத்தில், தாழ்வாக ஒன்று வையுங்கள். காது உடனே இரண்டையும் சேர்த்துக்கொள்ளும்.

எனக்கு உண்மையான கவலை வேறு. 1980களில் பாரிஸின் இர்காம் இசை ஆய்வுக்கூடத்தில் மில்லர் பக்கெட் தொடங்கிய ‘மேக்ஸ்’ இசை மென்பொருளின் வழித்தோன்றல்களில்தான் இந்தப் படைப்புகளில் பல இன்று ஓடுகின்றன. கணினி மாறும்போதெல்லாம் யாராவது உட்கார்ந்து நிரலைத் திருத்த வேண்டியிருக்கிறது. இசையமைப்பாளர் பாக் (Bach) எழுதிய செல்லோ தொகுதிகளுக்கு 300 ஆண்டுகளாகத் தாள் போதுமானதாக இருக்கிறது.

கம்பிநாதம்:
ஃபெர்னிஹோவைப் பற்றிச் சொன்னது சரி, அங்கே மறுக்க எனக்கு எதுவும் இல்லை. ‘பெடல்ஸ்’ விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. பத்து நிமிட அளவிலான படைப்புதானே? ஒரே மாலையில் இரண்டு முறை வாசிக்கட்டும். முதலில் வெறும் செல்லோ, இடைவேளைக்குப் பிறகு எலக்ட்ரானிக்ஸோடு.

அலைவரிசை:
சம்மதம். ஆனால் எலக்ட்ரானிக்ஸ் முதலில் வரட்டும். வெறும் செல்லோவில் எந்தெந்த ஒலி எட்டாமல் போகிறது என்பது அப்போதுதான் தெரியும்.