மடிக்கணினியின் சூட்டைத் தணிக்க வழி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். என் மடிக்கணினி, உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்து வைத்து ஒரு காணொளி அழைப்பில் இணைந்தாலே, மடியில் வைத்துக்கொள்ள முடியாத அளவுக்குக் கொதிக்கிறது. இடப்பக்க விசைகளின்மேல் விரலை ஊன்றவும் முடிவதில்லை. வெப்பம் 95 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் செயலி (பிராசசர்) தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடுவதால், தட்டச்சு செய்யும் எழுத்துகூடத் தாமதமாகத்தான் திரையில் தோன்றுகிறது. அடிப்பக்கத் துளைகள் அடைபடாமல் உயர்த்தி வைத்தும், விசிறியின் தூசியை நீக்கியும் பயனில்லை. செயலியின் மேலுள்ள தெர்மல் பேஸ்ட் (வெப்பத்தைக் கடத்தும் பசை) உலர்ந்திருக்கலாம் என்பது என் ஐயம். கடைக்காரரோ மதர்போர்டையே மாற்றச் சொல்கிறார், அதை நம்ப மனம் வரவில்லை. பேஸ்டை வீட்டிலேயே மாற்றியவர்கள் இருந்தால், எந்த வகை நீடித்து உழைத்தது என்பதையும், விண்டோஸில் செயலியின் உச்ச அளவை 99 விழுக்காடாக வைத்து டர்போ வேகத்தை (செயலி தானாகக் கூட்டிக்கொள்ளும் கூடுதல் வேகத்தை) நிறுத்தினால் சூடு எவ்வளவு தணிகிறது என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.