எங்கள் வீடு குழு: முறுக்குக் கணக்கு

காவ்யா (மாலை 6:12): கல்லூரிக் கண்காட்சியில் 60 பாக்கெட் முறுக்கும் தீர்ந்துவிட்டது! பாக்கெட் 30 ரூபாய், மொத்தம் 1,800. கடை வாடகை 200, கவரும் ஸ்டிக்கரும் 150. லாபம் 1,450!

அத்தை: சபாஷ்டி என் கண்ணே.

சாத்தூர் மாமா: வாழ்த்துகள் மருமகளே. எண்ணெய் எங்கே வாங்கினாய்?

காவ்யா: வீட்டில் இருந்தது மாமா.

சாத்தூர் மாமா: வீட்டில் ஊற்றா இருக்கிறது? அக்கா, என்னென்ன போயிற்று?

அம்மா: கடலை எண்ணெய் 2 லிட்டர் 400. அரிசி 4 கிலோ 240, உளுந்து 1 கிலோ 140, வெண்ணெய் 150. கேஸ் 80 என்று வைத்துக்கொள். ஆட்டோவுக்கு உன் அத்தான் 150 கொடுத்தார்.

சாத்தூர் மாமா: ஆக 1,160. லாபம் 290.

காவ்யா: 😐

காவ்யா: ஆறு பாக்கெட் கடன் மாமா. நாளைக்குத் தருகிறோம் என்றார்கள்.

சாத்தூர் மாமா: அது வரும்வரை 110தான். காராச்சேவு விற்கிற என்னிடமே ‘நாளைக்கு’ என்று போனவர்கள் இருக்கிறார்கள்.

அப்பா: குழந்தையை ஏன் மாப்பிள்ளை அழவைக்கிறீர்கள்?

காவ்யா: அழவில்லை அப்பா. வகுப்பில் அடக்கவிலை, வரவும் செலவும் சமமாகும் சமநிலைப் புள்ளி எல்லாம் நடத்தினார்கள். அந்தக் கணக்கில் வீட்டு எண்ணெய் வரவே இல்லை. அடுத்த முறை 40 ரூபாய் வைக்கவா?

சாத்தூர் மாமா: 40 என்றால் கை பின்வாங்கும். பாதி எடை, 50 கிராம், 20 ரூபாய் என்று போடு. கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்தார். மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயோடு தனியாக வந்து சிக் ஷாம்பூவை அதே வழியில் விற்றார். பாட்டில் வாங்க முடியாதவரும் பாக்கெட் வாங்கினார்.

காவ்யா: அதே 6 கிலோ, 120 பாக்கெட், 2,400. கவர் செலவு இரட்டிப்பாகி 300. வாடகை 200, சாமான் 1,160. மீதி 740!

சாத்தூர் மாமா: இப்போது சரி. என் கடையிலும் வைக்கிறேன். ஆனால் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இல்லாமல் வாங்க மாட்டேன். சிறு தயாரிப்பாளருக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பாக்கெட்டில் எடை, தயாரித்த தேதி, சேர்மானம் எல்லாம் இருக்க வேண்டும். ‘ஆச்சி கைப்பக்குவம்’ என்று எழுதி இதயப் படம் போட்டால் மட்டும் போதாது.

அம்மா: ஆச்சி பக்கத்தில்தான் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். விடிகாலை ஐந்து மணியிலிருந்து உரலைப் பிடித்துப் பிழிந்தவளுக்கு இதில் எவ்வளவு என்று கேட்கிறார்கள்.

அத்தை: 😂😂

சாத்தூர் மாமா: ஆச்சி கேட்டதுதான் கேள்வி.

காவ்யா: 400 ரூபாய் கூலி. எனக்கு 340.

அம்மா: சம்மதம் என்கிறார்கள். ஆனால் பாதியை முன்பணமாகத் தர வேண்டுமாம். நாளைக்குத் தருகிறேன் என்றால் மாவு பிசைய மாட்டார்களாம்.