மண்டலின் செய்ய முதிரைப் பலகை சரிவருமா?

மாங்குளம் தச்சன்:

எல்லோருக்கும் வணக்கம். மாங்குளத்தில் வீட்டோடு ஒட்டினாற்போல் எங்களுக்கு ஒரு தச்சுப் பட்டறை இருக்கிறது. கதவு, யன்னல், கட்டில், அலுமாரிதான் தொழில். நானும் தம்பியும் வேலை செய்கிறோம். அப்பாவுக்கு வயது போய்விட்டது, என்றாலும் காலையில் வந்திருந்து உளி தீட்டித் தருவார்.

மகள் தேவாலயப் பாடகர் குழுவில் மண்டலின் வாசிக்கிறாள். அங்குள்ள பழைய மண்டலினில் கழுத்து வளைந்து, கம்பி விரலால் அழுத்த முடியாத உயரத்தில் நிற்கிறது. திருத்திக் கொடுப்போம் என்று வாங்கிவந்து பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்த வேலையைப் பார்த்தபிறகு, மகளுக்கு நாங்களே புதிதாக ஒன்று செய்ய வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

பழைய வீட்டு நிலையிலிருந்து கழற்றிய முதிரைப் பலகை என்னிடம் இருக்கிறது. நன்றாகக் காய்ந்தது, பூச்சி அண்டாது. முழுவதையும் அதிலேயே செய்தால் தலைமுறைக்கும் நிற்கும் என்று நினைக்கிறேன். அப்பாவோ பாலை மரம் என்கிறார். எதை எடுக்கலாம்? கழுத்தின் குறுக்கே அடிக்கும் மெட்டுகளுக்கு (கம்பியை விரலால் அழுத்தும் இடங்களில் வரும் உலோகக் கட்டைகள்) இடைவெளி எடுக்க, கம்பி நீளத்தை 18ஆல் வகுக்கும் கணக்கு ஒன்றை ஒருவர் சொன்னார். அது சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான் பட்டறை மகள்:

அண்ணை, நல்ல வேலையில் இறங்குகிறீர்கள். எங்கள் பட்டறையில் அப்பா, சித்தப்பா, நான் மூவரும் மண்டலின் செய்கிறோம். மெட்டு அடிப்பதும் அரக்குப் பூச்சும் என்னுடைய வேலை. பலகை எடுப்பது அப்பா மட்டும்தான், அதில் வேறு ஒருவரையும் கைவைக்க விடமாட்டார்.

முதிரை இருக்கிறதென்றால் சந்தோசம். ஆனால் மேற்பலகைக்கு அது வேண்டாம். பாலை அதைவிட வேண்டாம்.

வன்னியில் நாங்கள் மரத்தை நிறையை வைத்துத்தான் மதிக்கிறோம். தூக்கும்போது தோள் வலித்தால் நல்ல மரம். கதவு நிலைக்கும் கூரைக்கும் அது மிகச் சரி. மண்டலினின் மேற்பலகைக்கு அந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். கம்பி மட்டும் தனியே அதிர்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அந்த அதிர்வைக் குதிரை (கம்பிகளைத் தாங்கி நிற்கும் சிறு கட்டை) வழியாக வாங்கி, காற்றைத் தள்ளி, ஒலியாக்குவது மேற்பலகைதான். அது பாரமாக இருந்தால் கம்பியின் பலமெல்லாம் பலகையை அசைப்பதிலேயே தீர்ந்துவிடும். மிக மெல்லியதாகச் சீவினால் பாரம் குறையும், ஆனால் எட்டுக் கம்பியின் அழுத்தத்தில் பலகை குழிந்துவிடும். எட்டும் சேர்ந்து இழுப்பது 70 முதல் 80 கிலோ. ஒரு வளர்ந்த ஆள் எந்நேரமும் தொங்கிக்கொண்டிருப்பதுபோல வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நிறை குறைந்த, ஆனால் நார் போகும் திசையில் விறைப்பான மரம் வேண்டும். ஸ்புரூஸ் என்ற குளிர்நாட்டு ஊசியிலை மரத்தை உலகம் முழுவதும் எடுப்பது அதனால்தான். ஒரு கன மீட்டர் ஸ்புரூஸ் ஏறக்குறைய 400 முதல் 450 கிலோ வரும், முதிரை 900ஐத் தாண்டும். இத்தாலியின் நேப்பிள்ஸில் கிண்ணம் போன்ற முதுகோடு செய்யும் மண்டலினுக்கும் மேலே ஸ்புரூஸ்தான். அமெரிக்காவில் ஓர்வில் கிப்சன் என்பவர் வயலின்போல மேற்பலகையைக் குடைந்து செய்யும் முறைக்கு 1898இல் காப்புரிமை வாங்கினார். அந்த வழியில் வந்த மண்டலின்களிலும் மேலே அதே மரம்தான்.

எங்கள் காட்டில் ஸ்புரூஸ் இல்லை. கொழும்பில் எடுப்பிக்கலாம், காசு போகும். பழகுவதற்கென்றால் வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வரும் பெட்டிகளைப் பாருங்கள். அவற்றில் சிலவேளை மிக நல்ல பைன் பலகை கிடைக்கும். பலகையின் தலைப்பகுதியைப் பாருங்கள், வளையக் கோடுகள் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். கணு ஒன்றுகூட இருக்கக்கூடாது. அப்பா பலகையின் கால்வாசி நீளத்தில் இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, நடுவில் விரல் மொழியால் தட்டுவார். நல்ல பலகை மணிபோல இழுத்து ஒலிக்கும். ‘டொக்’ என்று நின்றுவிட்டால் அது அலுமாரி முதுகுக்குப் போகும்.

சரி, உங்கள் முதிரை வீணாகப் போகாது. முதுகுக்கும் பக்கத்துக்கும் அதை வையுங்கள். சீவி அரக்குப் பூசினால் அலையலையாக ஒரு மினுக்கம் வரும், பட்டுச்சேலை தோற்றுவிடும். ஆனால் அந்தத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் கொப்புளமும் கொண்டுவரும், மூக்குக்கும் ஆகாது. வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு தேயுங்கள், மகள் பக்கத்தில் நிற்க வேண்டாம். கழுத்துக்கு மஹோகனி போதும். இரண்டு துண்டை நார் எதிரெதிராக வரும்படி ஒட்டி, உள்ளே ஒரு இரும்புப் பட்டை இறக்கினால் அந்தத் தேவாலய மண்டலினுக்கு நடந்தது இதற்கு நடக்காது.

விரல் பலகைக்கும் குதிரைக்கும் கருங்காலி. அதை இப்போது வெட்டத் தடை, எடுக்கவும் வேண்டாம். பழைய பொருள்களில் தேடுங்கள். எங்கள் அம்மம்மாவின் உலக்கை நடுவால் பிளந்து மூலையில் கிடந்தது. பூணைக் கழற்றிவிட்டு அப்பா அதை அரிந்தார். உள்ளே கரியைவிடக் கறுப்பு, ஒரு வெள்ளை ரேகைகூட இல்லை. அந்த ஒரு உலக்கையிலிருந்து வந்த குதிரைகளைத்தான் இன்னமும் வைக்கிறோம்.

இன்னொன்று. பழைய நிலை என்றீர்கள். அரிய முன்னர் காந்தம் பிடித்துப் பாருங்கள். ஆணியை மட்டும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து மரங்களிலும் பழைய வீட்டுச் சாமான்களிலும் போரில் வெடித்த ஷெல் குண்டுகளின் பீஸ் இன்னும் இருக்கிறது. உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைத் துணியில் சுற்றி, பலகை மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போவோம். பீஸ் இருக்கும் இடத்தைச் சுற்றி மரம் நீலம்பாரித்துக் கறுத்திருக்கும், பழகினால் கண்ணுக்கே தெரியும். வாள் பல்லில் பட்டால் பல் போகும், பறந்தால் கண் போகும். மரக்காலைக்காரர்களும் அதற்குப் பயந்துதான் எங்கள் பக்கத்து மரத்தை அரியத் தயங்குகிறார்கள்.

மெட்டுக் கணக்கு: 18 பழைய கணக்கு, 17.817 என்று எடுங்கள். கம்பி நீளம் 352.4 மில்லிமீட்டர், அதாவது 13 அங்குலமும் எட்டில் ஏழும் என்றால், முதல் மெட்டு 19.8 மில்லிமீட்டரில் வரும். மிச்சத்தை மறுபடி 17.817ஆல் வகுத்தால் அடுத்த இடைவெளி 18.7. இப்படியே போனால் 12ஆவது மெட்டு சரி பாதியில், 176.2இல் விழும். 18ஆல் வகுத்தால் அது 1 மில்லிமீட்டருக்கு மேல் முன்னாலேயே விழுந்துவிடும், மேலே போகப் போக சுருதி சேராது. கணக்கை முழுவதும் தாளில் எழுதிவிட்டு, ஒவ்வொரு மெட்டையும் தலைப்பக்க எலும்பிலிருந்தே (கம்பி நீளம் தொடங்கும் இடம்) அளந்து குறியுங்கள். மெட்டுக்கு மெட்டு அளந்தால் பென்சில் கோட்டின் தடிப்பெல்லாம் கூடிக்கொண்டே போகும்.

வவுனியா இசை ஆசிரியர்:

தங்கச்சி எழுதியது அத்தனையும் பயனுள்ளது. வாசிப்பவர் பக்கமிருந்து ஒன்று. மகள் என்ன வாசிக்கப் போகிறாள் என்று முதலில் முடிவெடுங்கள். தேவாலயப் பாட்டுக்கென்றால் நான்கு சோடிக் கம்பி, வயலினைப்போல ஜி, டி, ஏ, ஈ என்று சுருதி. கர்நாடக சங்கீதம் என்றால் கதை வேறு. சோடிக் கம்பியை இழுத்துக் கமகம் பிடிப்பது கடினம், இரண்டும் ஒரே அளவில் இழுபடாது. கர்நாடக மண்டலின் வித்துவான் யு. ஸ்ரீனிவாஸ் (1969–2014) ஒற்றைக் கம்பிகள் ஐந்து பூட்டிய மின்சார மண்டலினை எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த வகைக்கு உள்ளே கூடு தேவையில்லை, கட்டைப் பலகை போதும். உங்கள் முதிரையை அங்கே தாராளமாகப் பாவிக்கலாம்.

மாங்குளம் தச்சன்:

இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. இப்போதைக்குத் தேவாலயப் பாட்டுத்தான். அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். மேற்பலகைக்குப் பெட்டிப் பலகையா என்று முகத்தைச் சுழித்தார். பிறகு ஒன்றும் பேசாமல் போய், கொல்லையில் கிடந்த பெட்டி ஒன்றைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கச்சி, முதிரையில் பக்கப் பலகையை எப்படி வளைப்பது? நார் இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடுகிறதே, வெடிக்காதா? பசை எது?

ஒட்டுசுட்டான் பட்டறை மகள்:

உங்கள் பயம் நியாயமானது அண்ணை. 2 மில்லிமீட்டர் வரை சீவுங்கள், முதிரைக்கு அதிலும் ஒரு மயிரிழை குறையலாம். ஒரு அங்குலத்துக்கு மேற்பட்ட இரும்புக் குழாயைக் குறட்டில் பூட்டி, உள்ளே கரிநெருப்புப் போடுங்கள். துளித் தண்ணீர் பட்டால் துள்ளி ஓடும் சூடு வேண்டும். நனைத்த பலகையை அதன்மேல் வைத்து, வெளிப்பக்கம் மெல்லிய தகரப் பட்டி ஒன்றைச் சேர்த்துப் பிடியுங்கள். பிஸ்கட் பேணித் தகரம் போதும். வெடிப்பது எப்போதும் வெளிப்பக்கம்தான், தகரம் அதைத் தாங்கும். கையால் தள்ளக்கூடாது, பாரத்தை மட்டும் கொடுத்துக்கொண்டு நில்லுங்கள். ஒரு கட்டத்தில் பலகை தானாக இளகும். அது கைக்குத்தான் விளங்கும், எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. வளைத்த உடனே அச்சில் இறுக்கி, அடுத்த நாள் வரை விடுங்கள்.

பசைக்கு நாங்கள் வச்சிரம்தான், அதாவது விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசை. 60 பாகை செல்சியஸுக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்குவது, கொதிக்க விட்டால் கெட்டுப்போகும். பிற்காலத்தில் மேற்பலகையைக் கழற்ற வேண்டி வந்தால் சூட்டுக் கத்தியால் மரம் கிழியாமல் கழற்றலாம். வெள்ளைப் பசை, வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் இளகி, கழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடும்.

மாரியில் மேற்பலகையை ஒட்ட வேண்டாம். ஈரம் குடித்து விரிந்திருக்கும் பலகையை ஒட்டினால், சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கத் தொடங்கியதும் அது சுருங்கி நடுவால் வெடிக்கும். எங்கள் பட்டறையில் மாரி முழுக்க கழுத்தும் குதிரையும் செய்வோம், ஒட்டுவது மழை ஓய்ந்து காற்று உலர்ந்த பிறகு.

கனடா, ஸ்கார்பரோவிலிருந்து:

வாசிக்க வாசிக்க மனம் நிறைந்தது. எங்கள் ஊர் முள்ளியவளை. தங்கச்சி, உங்கள் பட்டறையில் ஒன்று சொல்லிச் செய்து இங்கே எடுக்க விருப்பம். அனுப்புவீர்களா?

ஒட்டுசுட்டான் பட்டறை மகள்:

அனுப்பலாம் அண்ணா, ஆனால் உங்கள் வீட்டை நினைத்துத்தான் யோசனை. அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட அறைக்குள் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போகும். இங்கே சோளகத்தில்கூட அவ்வளவு காய்வதில்லை. பெட்டிக்குள் ஈரம் கொடுக்கும் குப்பி ஒன்றும் ஈரப்பதமானி ஒன்றும் வைத்து, 45 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன் என்று சொல்லுங்கள், அப்பாவிடம் கதைக்கிறேன். முதுகுக்கு முதிரை வேண்டாம், பலா வைப்போம். மரம் வெளியே அனுப்புவதற்கான கடிதங்களும் எடுக்க வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும்.

மாங்குளம் அண்ணை, அப்பா அந்தப் பெட்டிப் பலகையில் எதையாவது எடுத்து வைத்தாரா? எடுத்திருந்தால் தலைப்பகுதியைப் படம் பிடித்துப் போடுங்கள், வளையக் கோடுகளை எங்கள் அப்பாவிடம் காட்டுகிறேன்.