லடாக் கணவாய்கள் குழப்புகின்றன, எப்படிப் படிப்பது?

கேள்வி:
சோஜி லா, கர்துங் லா, சாங் லா, பாராலாச்சா லா என்று பட்டியலை நாலு முறை எழுதிப் பார்த்துவிட்டேன். மாதிரித் தேர்வில் எது எதை இணைக்கிறது என்று கேட்டதும் எல்லாம் கலந்துவிடுகிறது. முதல்நிலைத் தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது.

பதில்:
பட்டியலை விடுங்கள். வெற்றுத்தாளின் நடுவில் லடாக்கின் முக்கிய நகரான லே என்று ஒரு புள்ளி வையுங்கள். வடக்கே போனால் கர்துங் லா, அதைத் தாண்டினால் நுப்ரா பள்ளத்தாக்கு. கிழக்கே சாங் லா, அந்தப் பக்கம் பாங்காங் ஏரி. மேற்கே கார்கில், திராஸ் கடந்து சோஜி லா; இறங்கினால் காஷ்மீர் பள்ளத்தாக்கு. தெற்கே மணாலி சாலையில் முதலில் தங்லங் லா, அப்புறம் பாராலாச்சா லா. தினமும் காலையில் புத்தகம் பார்க்காமல் இதை வரைந்தேன். பத்தாம் நாள் கை தானாகப் போனது.

இன்னொரு பதில்:
ஆறுகளையும் சேர்த்து வரையுங்கள். பாராலாச்சா பக்கம் பிறக்கும் சந்திராவும் பாகாவும் தண்டி என்ற ஊரில் கூடித்தான் செனாப் ஆகிறது. சட்லஜ் ஆறு இந்தியாவுக்குள் நுழையும் சிப்கி லா இமாச்சலத்தில் இருக்கிறது. அதை லடாக்கில் போட்டு நான் ஒரு கேள்வியை இழந்தேன்.

கேட்டவர்:
வரைந்தேன், தெளிவாகிறது. சோஜி லா உயரம் குறைவுதானே, ஏன் பனியில் மூடுகிறது?

பதில்:
நல்ல கேள்வி. அது சுமார் 3,500 மீட்டர்தான், கர்துங் லா 5,300-க்கும் மேல். ஆனால் மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று சோஜி லா பக்கத்திலேயே பெரும்பனியைக் கொட்டிவிடுகிறது. லே, மலைகள் ஈரக்காற்றைத் தடுத்துவிடும் மழைமறைவில் வறண்டு கிடக்கிறது.