ஓய்வுக்குப் பின் ஊர்ப்பணி: மரக்கன்றில் தொடங்குவதா, வாய்க்காலில் தொடங்குவதா?

கேள்வி – கடைமடை ஆசிரியை

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கடைமடைக் கிராமத்தின் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். வரும் மே மாதத்துடன் ஓய்வுபெறுகிறேன். மகன் சென்னைக்கு அழைக்கிறான்; எனக்கோ ஊரைவிட்டுப் போக மனமில்லை. பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையும், ஊருக்கு உழைப்பதையும், இங்குள்ள நீரையும் பறவைகளையும் காப்பதையும் ஒரே வேலையாகச் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். முன்னாள் மாணவர் ஒருவர் ஆயிரம் மரக்கன்றுகள் வாங்கித் தர முன்வந்திருக்கிறார். எங்கே நடுவது என்று கேட்டால், ஊராட்சியில் குளத்தையும் அதையொட்டிய திடலையும் காட்டுகிறார்கள். எனக்குப் பிறகும் நிலைக்கக்கூடிய வேலையை எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் 1 – வேதாரண்யம் வட்டம்

அம்மா, அந்த ஆயிரம் கன்றுகளைச் சற்றுத் தள்ளிவையுங்கள். வெற்றிடத்தைக் கண்டால் மரம் நட்டே ஆகவேண்டும் என்ற எண்ணம் நம் மாவட்டங்களுக்கு எப்போதும் பொருந்துவதில்லை. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கோடியக்கரையில் உலர் பசுமைமாறாக் காடும் உண்டு, திறந்த புல்வெளியும் உண்டு. வெளிமான்கள் வாழ்வது அந்தப் புல்வெளியை நம்பித்தான். சீமைக்கருவேலம் அங்கே பரவப் பரவ அவற்றின் மேய்ச்சல் நிலம் சுருங்குகிறது. உங்கள் ஊர்த் திடலில் ஆடுமாடுகள் மேய்கின்றனவா, அறுவடைக் காலத்தில் அதைக் களமாகப் பயன்படுத்துகிறார்களா என்று முதலில் கேட்டறியுங்கள். குளத்தின் உள்வாயில், அதாவது நீர் தேங்கும் பகுதியில், எந்த மரமும் வேண்டாம். கரையின் வெளிப்புறத்தில் மட்டும் பனைவிதை போடலாம்; பழம் விழும் ஆவணி, புரட்டாசியில் விதைத்துவிட்டால், வடகிழக்குப் பருவமழையே அதை முளைக்கவைத்துவிடும்.

தொடங்க வேண்டிய இடம் வாய்க்கால் என்பது என் கருத்து. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறக்கப்படும் ஆண்டிலும் தண்ணீர் கடைமடைக்கு வந்துசேரப் பல நாட்கள் ஆகின்றன. ஐப்பசி, கார்த்திகையிலோ வந்த தண்ணீர் வடிய வழியின்றிச் சம்பாப் பயிரை அழுகவைக்கிறது. ஆகவே நம் பக்கத்தில் பாசன வாய்க்காலுக்கு இணையாக வடிகாலையும் கவனிக்க வேண்டும். குளத்திற்கு நீர் வரும் வாய்க்கால் வழியே மாணவர்களை மேல்நோக்கி நடக்கவிட்டு, ஒவ்வொரு மதகையும், குழாயையும், அடைப்பையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். சிறுபாலத்தின் அடியில் ஆகாயத்தாமரை திரண்டு கிடப்பதையும், அதற்குள் காலிப் பூச்சிமருந்துப் புட்டிகள் சிக்கி நிற்பதையும் அவர்களே பார்ப்பார்கள். புட்டிகளை மட்டும் யாரும் கையால் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். புவியியலும் கணக்கும் வேதியியலும் அந்த ஒரு நடையில் அடங்கிவிடும்.

பதில் 2 – கீழ்வேளூரிலிருந்து

மேலே சொன்னவரின் கருத்தில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆனால் பழைய தஞ்சை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியான நம் கீழத்தஞ்சையில் நீரைப் பற்றிப் பேசுகிறவர், அந்த நீர் யாருடைய நிலத்தில் பாய்கிறது என்பதையும் பேசியாக வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் தலித் விவசாயக் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதற்குப் பின் இப்பகுதிக்கு வந்து தங்கிய காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையர், நிலமற்ற கூலித் தொழிலாளர் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களின் பெயரில், நிலம் பெற்றுத்தருவதற்காக 1981இல் லாப்டி அமைப்பைத் தொடங்கினார்கள். பின்னர் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகி, வயலும் குடிநீரும் உப்பேறியபோது, ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திற்குள் அத்தகைய பண்ணைகளுக்குத் தடை விதித்தது. நில உரிமைக்காக உழைத்தவர்களே சுற்றுச்சூழல் வழக்கையும் நடத்தினார்கள் என்பது தற்செயல் அல்ல. உப்புநீரால் முதலில் பிழைப்பை இழந்தவர்கள் அந்த இணையர் அன்றாடம் பழகிய மக்களே.

எனவே வாய்க்கால் வரைபடத்தோடு மாலை வகுப்பு ஒன்றையும் தொடங்குங்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்விட்டு இருட்டிய பிறகு திரும்பும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு மணி நேரம் பெரிய உதவி. அந்தத் தாய்மாரையும் ஒருநாள் வகுப்பில் பேசவையுங்கள். எந்த வயலில் எப்போது நத்தை பெருகும், எந்த மடையில் எந்த மீன் ஏறும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஊர்க்கூட்டத்தில் நாற்காலி போட்டு அமர்கிறவர்களிடம் மட்டும் கேட்டால் பாதி ஊரைத்தான் தெரிந்துகொள்வீர்கள். (ஊர்க்குளத்தில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் இறங்க முடிகிறதா என்பதையும் கவனியுங்கள்.)

பதில் 3 – வடுவூர்க்காரன்

பறவைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வடுவூர் ஏரி 1999இல் சரணாலயமாகி, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் அது பாசன ஏரி என்பதை வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஏரியில் தங்கும் பறவைகளில் பல இரை தேடச் சுற்றியுள்ள வயல்களுக்குத்தான் போகின்றன. நத்தைகுத்தி நாரை சேற்றில் அலகைவிட்டுத் துழாவி நத்தையை எடுப்பதைப் பிள்ளைகள் வரப்பில் நின்றே பார்க்கலாம். தொலைநோக்கி வாங்கக் காத்திருக்க வேண்டாம். தை மாதத்தில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் குளத்தையும் சேர்த்துவிடுங்கள். ஆண்டுதோறும் அதே இடத்தில், அதே வேளையில் எண்ணுவதுதான் முக்கியம். ஒரே ஓர் ஆண்டின் எண்ணிக்கையை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது.

கடைமடை ஆசிரியை

மூவருக்கும் நன்றி. கன்றுகளுக்கான பணத்தை மாலை வகுப்பின் விளக்குக்கும் பாய்க்கும் தர முடியுமா என்று அந்த மாணவரிடம் கேட்கப்போகிறேன். மரம் என்றால் கொடுக்கிறவர்கள் பாய் என்றால் யோசிப்பார்கள் என்பதும் தெரிந்ததே. கோடையில் வாய்க்கால் வறண்டு கிடக்கும்போதே நடந்து முடித்துவிட எண்ணுகிறேன். பழைய வாய்க்கால்கள் எங்கே ஓடின என்பதை எதைப் பார்த்து உறுதிசெய்வது?

பதில் 1 – வேதாரண்யம் வட்டம்

கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். அதில் வாய்க்கால் புறம்போக்குத் தனிப் புல எண்ணோடு இருக்கும். ஆக்கிரமிப்பு தென்பட்டால் பிள்ளைகளின் பெயரில் மனு எழுதாதீர்கள். கிராம சபையில் உங்கள் பெயரிலேயே எழுப்புங்கள். அந்தப் பிள்ளைகள் மறுநாளும் அதே தெருவழியாகத்தான் பள்ளிக்கு வரவேண்டும்.