புதுப்பிப்பு: கூட்டம் கூடினால் படுக்கும் சர்வர்

முன்பு கேட்டது இதுதான்: வெள்ளவத்தைப் புடவைக்கடை ஒன்றின் இணையத்தளம், பின்னேரம் ஓர்டர் கூடினால் படுத்துவிடுகிறது, பெரிய சர்வர் எடுப்பதா, சின்னதாகப் பல போடுவதா?

பலர் சொன்னபடி கிளவுட்டின் மும்பை ரீஜியனில் இரண்டு சின்ன சர்வர், முன்னால் வருபவர்களைப் பங்கிட்டு அனுப்பும் லோட் பேலன்சர். செஷன் (ஒவ்வொரு ஆளின் கூடை போன்ற விபரம்) எல்லாம் ரெடிஸில், அதாவது எல்லா சர்வரும் பார்க்கும் பொது நினைவகத்தில். இல்லாவிட்டால் அடுத்த சர்வருக்கு மாறும் ஆளின் கூடை காலியாகிவிடும். இதுவரை சரி. ஆனால் ஓட்டோ ஸ்கேலிங் (கூட்டத்துக்கு ஏற்ப சர்வர் எண்ணிக்கையைத் தானே மாற்றும் வசதி) புது சர்வர்களை எழுப்ப எழுப்ப தளம் இன்னும் மோசமானது! காரணம் எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ். அதன் இயல்பான எல்லை 100 இணைப்புகள். ஒவ்வொன்றுக்கும் தனி ப்ராசஸ், தனி நினைவகம். வந்த சர்வரெல்லாம் தன் பங்குக்கு இணைப்புகளைத் திறக்க, டேட்டாபேஸ் வாசலிலேயே நெரிசல். எல்லையை 500 ஆக்கச் சொன்ன தம்பிக்கு: அப்படிச் செய்தால் ராம்தான் முதலில் தீரும். இடையில் இணைப்புகளைப் பங்கிடும் பிஜிபவுன்சரை வைத்து, ட்ரான்ஸாக்‌ஷன் மோடில் (ஒரு ட்ரான்ஸாக்ஷன் முடிந்ததும் இணைப்பு அடுத்தவருக்குப் போகும்) கொஞ்ச இணைப்புகளை எல்லோரும் மாறிமாறிப் பாவிக்க விட்டோம். அடங்கிவிட்டது.

டேட்டாபேஸை மட்டும் பெரிய மெஷினுக்கு மாற்றினோம்; அதைப் பிரித்துப் போடுவதைவிட இது சுகம். ரீட் ரெப்ளிகா (வாசிக்க மட்டும் வைக்கும் டேட்டாபேஸ் நகல்) இப்போதைக்கு வேண்டாம், இங்கே சுமை எழுதுவதில்தான்.

பில் டொலரில் வருவதால் நடுச்சாமத்துக்குப் பிறகு ஒரு சர்வர் மட்டும் ஓட அட்டவணை போட்டாயிற்று. முதலாளிக்குப் பிடித்த ஒரே மாற்றம் அதுதான்.